ஐஸில் கிருமி இருக்கிறது

ஒரு வீட்டில் முதன்முதலாக ஒருவன் படித்துவிட்டால், அவனைக் கொஞ்ச நாளைக்கு வெளியே பேச விடக் கூடாது. படிப்பதுகூடப் பரவாயில்லை. படித்ததை ஊருக்கெல்லாம் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வெறி வரும் பாருங்கள், அப்போதுதான் குடும்பம் உஷாராக வேண்டும். எங்கள் குடும்பம் உஷாராகவில்லை. நொச்சிக்குப்பம் அதைச் சொல்லிச் சொல்லி இன்றுவரை சிரித்துக்கொண்டிருக்கிறது.

என் அம்மா கஸ்தூரி, கடற்கரையை ஒட்டிய லூப் ரோட்டோரம் மீன் விற்பவள். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வம்சத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவர்கள் உண்டு, ஓட்டுப் போடுவதற்கு. உட்கார்ந்து படித்தது நான்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நுண்ணுயிரியலில் முதுகலை வரை போய், அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக ஒட்டிக்கொண்டேன்.

"இன்னா வேலடா அங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பனியாறுகள்ல வாழற நுண்ணுயிர்களை ஆராய்ச்சி பண்றோம்."

"பனின்னா, மார்கழிப் பனியா?"

(நியாயமான கேள்வி. நம் ஊரில் பனி என்றால், காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்கள் மேல் விழுவது.)

"இல்லம்மா. மலை மேல ஐஸ். மலை முழுக்க ஐஸ். அது ஆறு மாதிரி மெதுவா நகர்ந்து எறங்கும்."

"ஐஸா!" அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஐஸ், விடியற்காலையில் வண்டியில் வந்து இறங்கும் நீளக்கட்டி. அதைக் கட்டையால் அடித்து நொறுக்கி மீன் மேல் போட்டால்தான் வெயில் ஏறும்போதும் மீன் மீனாக இருக்கும். எங்கள் பக்கத்தில் அரிசி இல்லாமல்கூட ஒரு நாள் ஓட்டலாம், ஐஸ் இல்லாமல் ஓட்ட முடியாது. அன்று சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: கஸ்தூரி பிள்ளைக்கு ஐஸ் கம்பெனியில் வேலை.

அதற்குப் பிறகு நான் தெருவில் நடந்தால் போதும். "பூபாலு, உங்க கம்பெனில சொல்லி ஒடச்ச ஐஸ் ரெண்டு மூட்டை சல்லிசா வாங்கித் தாயேன்!" விளக்கம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் நம்பவில்லை. பெரிய உத்தியோகத்துக்குப் போனதும் நைனாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

உண்மையில் எனக்கு ஏறியிருந்தது தலைக்கனம் இல்லை, வேறு ஒன்று. முதல் நாள் எங்கள் மேடம் (ஆய்வுக்கூடத் தலைவி, ஆண்டுதோறும் இமயமலைக்குப் போய்ப் பனியாற்றின் மேல் மண்டியிட்டுவிட்டு வருகிறவர்) ஒரு சின்னக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். தண்ணீருக்கு அடியில் கறுப்பாகக் கொஞ்சம் பொடி. அடிப்பிடித்த ரவா உப்புமாவைச் சுரண்டினால் வருமே, அதேதான்.

"இதுதானா மேடம்?" என்றேன். ஏமாற்றத்தை மறைக்கக்கூடத் தெரியாத வயது.

"பாரு" என்று நுண்ணோக்கியைக் காட்டினார்.

பார்த்தேன். அதற்குப் பிறகு அன்று சாப்பிடப் போகவில்லை.

காற்று எங்கிருந்தோ தூசியை அள்ளிக்கொண்டு போய்ப் பனியாற்றின் மேல் போடுகிறது. கறுப்புத் தூசி, வெயிலை வாங்கிச் சூடாகிறது. சூட்டில் தன் கீழே இருக்கும் பனியை உருக்கிக்கொண்டு, மெல்ல மெல்ல ஒரு குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிடுகிறது. டம்ளர் அகலத்தில் ஒரு குழி, அதில் கொஞ்சம் தண்ணீர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைச் சாவு. அந்த டம்ளருக்குள் மட்டும் ஓர் ஊர் குடியிருக்கிறது! நீலப்பச்சை இழைகள் தூசியைச் சுற்றிச் சுற்றி, எங்கள் ஆட்கள் வலை முடைகிற மாதிரிப் பின்னி, உருண்டை உருண்டையாகக் கட்டி வைத்திருக்கின்றன. அந்த இழைகளுக்கு இடையில் குண்டாக, எட்டுக் காலோடு, ஒரு நீர்க்கரடி ஆடி ஆடி நடந்து வந்தது. அதன் கால்களில் நகம் இருந்தது. நான் மூச்சு விட்டால் அது பயந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு ஊர்ப் பனிக்கும் ஒரு குணம் என்று மேடம் சொல்லச் சொல்ல எனக்குக் கிறுகிறுத்தது. அண்டார்டிகாவில் சில இடங்களில் குழியின் மேல் பனியே மூடி போட்டுக்கொள்ளுமாம். ஊறுகாய் ஜாடி மாதிரி. வெளிக்காற்று படாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே குடித்தனம். கிரீன்லாந்தில் ஊதாவும் பழுப்புமாக ஒரு பாசி பரவி, பனியையே அழுக்கு வேட்டி நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆல்ப்ஸ் மலையில் கோடை வந்தால் பனி தர்பூசணி நிறத்தில் சிவக்கும். அதுவும் பாசிதான். வெயில் சுடாமல் இருக்கத் தானே பூசிக்கொண்ட சாயம். உலகத்தின் உச்சியிலும் அடியிலும், ஒன்றும் இருக்க முடியாது என்று நாம் கைகழுவிய இடத்தில் எல்லாம் இவை பாட்டுக்கு இருந்துகொண்டிருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு மனிதன் எப்படிச் சும்மா பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்குப் போவான்? நான் கண்டக்டரிடம்கூடச் சொன்னேன். அவர் "சில்லறை இருக்கா?" என்றார்.

இந்த நேரத்தில்தான் தியாகராய நகரில் ஒரு சின்ன அரங்கில், எளிய தமிழில் அறிவியல் பேச ஆள் கேட்டு மேடத்துக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம். மேடத்துக்கு வேறு வேலை. "நீதான் தமிழ் மீடியமாச்சே, நீ போ" என்றார். கையடக்கமான பழைய நுண்ணோக்கி ஒன்றையும், இமயமலைக் குழித் தண்ணீர் கொஞ்சம் அடைத்த குழாய் ஒன்றையும் கொடுத்தார். ஆராய்ச்சி முடிந்த மீதி அது. ஆனால் உள்ளே நீர்க்கரடிகள் உயிரோடு இருந்தன.

"சூடு பட்டா செத்துடும். ஃப்ரீசர்லயும் வைக்காதே, அப்புறம் நடக்கறதைக் காட்ட முடியாது. உருகுற ஐஸ்ல வச்சிரு."

"ஐஸா மேடம்? எங்க வீட்டுல வேற எதுக்கு வேணா பஞ்சம் வரும், ஐஸுக்கு வராது!" என்று பெருமையாகச் சொன்னேன்.

(இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. கண்ணாடி முன் நின்று, "பெரியோர்களே, உறைபனிச் சூழலில் வாழும் நுண்ணுயிர்களின் தகவமைப்பானது" என்று ஆரம்பித்தேன். அம்மா அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து. நுண்ணுயிர்னா இன்னா?"

"கண்ணுக்குத் தெரியாத உயிரும்மா. கிருமி மாதிரின்னு வையேன்."

"அப்ப கிருமின்னு சொல்லிட்டுப் போயேண்டா. சோத்த சோறுன்னு சொல்ல இன்னா கேடு? எனக்கே புரியலன்னா அங்க வர்றவங்களுக்கு இன்னா புரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே? எளிய தமிழ் என்றுதானே கூப்பிட்டிருக்கிறார்கள்! உட்கார்ந்து, பேச்சில் இருந்த நுண்ணுயிர்களை எல்லாம் தேடித் தேடி அடித்துவிட்டு, அத்தனை இடத்திலும் கிருமியைப் போட்டேன். ஒரு வேலையை இவ்வளவு சிரத்தையாக நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

பேச்சு பிரமாதமாகப் போனது. அதுதான் பிரச்சினையே. சொதப்பியிருந்தால் யாரும் செல்போனைத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

"ஐஸ் என்றால் சுத்தம் என்று நினைக்கிறோம். இல்லவே இல்லை! ஐஸில் கிருமி இருக்கிறது. கோடிக்கணக்கில் இருக்கிறது. நான் நொச்சிக்குப்பத்துப் பையன். மீன் விற்கிற வீட்டில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். நான் சொல்கிறேன், நம்புங்கள்!" என்று மேஜையைத் தட்டினேன். கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். நான் அவர் பக்கம் என் நல்ல பக்கத்தைத் திருப்பிக்கொண்டேன். (எனக்கு நல்ல பக்கம் என்று ஒன்று இருப்பதாக அப்போது ஒரு நம்பிக்கை.)

பேச்சு முடிந்ததும் மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்னாப் பேசினேள். நாங்க ஆத்துல மீனே தொடறதில்லை. ஆனா ஐஸ் வாட்டர் குடிச்சிண்டிருக்கோமே! இன்னியோட நிறுத்திடறேன்." நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குழாயை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டி, வாசல் ஓரம் இருந்த அம்மாவின் தெர்மாகோல் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸுக்கு அடியில் பத்திரமாகப் புதைத்தேன். மேடத்தின் சொல்லைத் தட்டாத திருப்தியோடு தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் லூப் ரோட்டின் நாள். மந்தைவெளி, மயிலாப்பூர், சாந்தோம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பையோடு வருவார்கள். அந்த ஒரு காலைதான் அந்த வரிசையில் இருக்கும் பெண்களுக்கு வாரம் முழுவதற்குமான சோறு. அம்மா வரிசையின் முதல் இடத்தில் உட்கார்ந்திருப்பாள். "கஸ்தூரி சொன்னா மீன் ஃபிரெஷ்" என்பது அந்த ரோட்டில் முத்திரை மாதிரி. அந்தப் பேரைச் சம்பாதிக்க அவளுக்கு என் வயசு ஆகியிருந்தது.

நான் எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. புதுச்சட்டை போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, ரோட்டுக்கு வந்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என்னைச் சுட்டிக்காட்டி இன்னொருவரிடம் ஏதோ சொன்னார். புகழ் என்பது இவ்வளவு சீக்கிரம் வருமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

பிறகுதான் வரிசையைக் கவனித்தேன். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. வந்தவர்கள் தள்ளி நின்று எட்டிப்பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அரைக்கால் சட்டை போட்ட ஒருவர், அம்மாவுக்குப் பக்கத்துக் கடை செல்வி அக்காவிடம் கேட்டார்: "ஐஸ் போடாத மீன் இருக்காம்மா?"

"கீது சார். கடல்ல கீது. எறங்கிப் புடிச்சிக்க."

அவர் போய்விட்டார். செல்வி அக்கா என்னைப் பார்த்துவிட்டாள்.

"தோ வந்துட்டாருடி டாக்டரு! யோவ் நைனா, இன்னாத்தப் பேசிட்டு வந்த நீ? விடிஞ்சதுலேந்து ஒரு நெத்திலி போணியாவல!"

நடந்தது இதுதான். என் பேச்சிலிருந்து சரியாக அந்த மேஜை தட்டிய இடத்தை மட்டும் யாரோ வெட்டியெடுத்து, 'நொச்சிக்குப்பம் விஞ்ஞானி வெளியிட்ட அதிர்ச்சித் தகவல்' என்று தலைப்பு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குரூப்புகளில் எல்லாம் அது காபிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. பனியாறு இல்லை, இமயமலை இல்லை, நீர்க்கரடி இல்லை. ஐஸ், கிருமி, நொச்சிக்குப்பம், நான், நம்புங்கள்!

இதில் கொடுமை, முதலில் ஒரு வாடிக்கையாளர் செல்போனைக் காட்டியபோது அம்மா சத்தத்தைக் கேட்கவில்லையாம். "ஐயோ, என் புள்ள! மூஞ்சப் பாரேன், டிவில நியூஸ் படிக்கிறவன் மாதிரி கீறான்!" என்று அந்தப் போனை வாங்கி வரிசை முழுக்க எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். கடைசிக் கடையில்தான் யாரோ சத்தத்தைக் கூட்டினார்களாம்.

இப்போது அம்மா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வரிசையில் இருந்த மற்ற பெண்கள் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் விற்காமல் போனால் ஒரு வாரச் சோறுதான் போகும். கஸ்தூரி பேர் போனால்?

அந்த நேரத்தில் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். சாந்தோம்காரர், சர்ச்சில் பூசை முடித்துவிட்டு நேரே மீன் வாங்க வருகிறவர். பள்ளியில் எனக்குக் கணக்கு எடுத்தவர். அவர் நின்றால் கூடவே நாலு பேர் நிற்பார்கள்.

"பூபாலா, நீ பேசினதைப் பார்த்தேன். என்னடா இது?"

எனக்கு உயிர் வந்தது. விளக்கிவிடலாம்! "டீச்சர், அது வேற ஐஸ். இமயமலை, கிரீன்லாந்து, அண்டார்டிகா. அந்தக் கிருமி நம்மள ஒண்ணும் பண்ணாது. அதுங்க பாட்டுக்குப் பனியில இருக்கும். ரொம்ப அழகு டீச்சர்! சில இடத்துல அதனாலயே ஐஸ் செக்கச் செவேல்னு ஆயிடும்."

எல்லோருடைய கண்களும் ஒரே நேரத்தில் அம்மாவின் பெட்டிக்குப் போயின. காலையில் யாருக்கோ காட்டுவதற்காக வெட்டிய வஞ்சிரத்தின் ரத்தம் இறங்கி, உள்ளே இருந்த ஐஸ் எல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது.

இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள்.

"அது ரத்தம்! இது வேற சிவப்பு!" என்று கத்தினேன். மீன் கடையில் நின்று ரத்தம் என்று கத்துவது எவ்வளவு நல்ல விளம்பரம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா டீச்சர் கணக்கு வாத்தியாராகவே கேட்டார். "சுத்தி வளைக்காதே. இந்தப் பெட்டியில இருக்கற ஐஸ்ல கிருமி இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை."

அம்மா முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை மிகத் தெளிவாக ஒரே வார்த்தையைக் கேட்டது. இல்லை. அதைச் சொல்லிவிட்டால் போதும். வீடு தப்பித்துவிடும், வரிசை தப்பித்துவிடும்.

ஆனால் நான்தான் படித்தவனாயிற்றே.

"இருக்கும் டீச்சர்" என்றேன். "எங்கதான் இல்ல? உங்க வீட்டுத் தயிர்ல இருக்கு, உங்க கையில இருக்கு, வாய்க்குள்ள..."

டீச்சரோடு நின்ற மற்ற இருவரும் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். செல்வி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் குந்திவிட்டாள். "யக்கா, ஐஸ் வச்சே பொழைக்கிற குடும்பத்துல உம்புள்ளைக்கு மட்டும் ஐஸ் வைக்கத் தெரியலியேக்கா!"

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். எனக்கோ ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. நேரில் காட்டிவிட்டால்? அந்த நீர்க்கரடி நடப்பதை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டால் யாருக்குத்தான் பயம் இருக்கும்? வீட்டுக்கு ஓடினேன். நுண்ணோக்கியை எடுத்துக்கொண்டேன். குழாயை எடுக்க வாசல் ஓரம் குனிந்தேன்.

பெட்டி இல்லை.

அம்மா வழக்கம்போல விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அதே ஐஸுக்கு மேலே புது ஐஸைக் கொட்டி, அதன் மேல் மீனை அடுக்கியிருந்தாள்.

திரும்ப ஓடி வந்தேன். அதற்குள் ஸ்டெல்லா டீச்சரைச் சுற்றி மறுபடி கொஞ்சம் கூட்டம். டீச்சர், பாவம், மனசு கேட்காமல் ஒரு வவ்வால் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து மீன்களைத் தள்ளிவிட்டு, கை முட்டி வரை பெட்டிக்குள் விட்டுத் துழாவினேன். குளிர்ந்த உறை விரலில் தட்டியது. வெளியே இழுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கடலுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"யாரும் பயப்படாதீங்க! கிருமி இங்கதான் இருக்கு!"

அதற்குப் பிறகு அந்த ரோட்டில் மீன் வாங்க யாரும் இல்லை. ஸ்டெல்லா டீச்சர் மட்டும் வவ்வாலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அதுவும், அதைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல்தான்.

அம்மா எழுந்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"இனிமே யாரும் வரப்போறதில்ல" என்றாள். "காட்டு. எம்பொழப்பக் கெடுத்தது எதுன்னு நானும் பாக்கறேன்."

காலியான மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் நுண்ணோக்கியை வைத்தேன். ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டேன். கீழே இருக்கும் சின்னக் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்பினேன். தேடினேன். முதலில் கறுப்பு உருண்டைகள். அதைச் சுற்றிப் பச்சை நூல். பிறகு, ஓர் ஓரத்தில், அது நடந்து வந்தது. என் கவலை எதுவும் அதற்குத் தெரியாது. ஆடி ஆடி வந்தது.

"பாரும்மா. ஒரு கண்ண மூடிக்கோ."

அம்மா குனிந்தாள். பிறகு மெதுவாக, "டேய், நடக்குதுடா" என்றாள்.

"ஆமாம்மா."

"காலு கீது." எண்ணினாள் போலிருக்கிறது. உதடு அசைந்தது. "நகம்லாம் கீதுடா!"

"ஆமா."

"இது எந்த ஊரு?"

"இமயமலை. அண்டார்டிகாவுலயும் கிரீன்லாந்துலயும் இதுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க."

"அந்தக் குளுர்ல இன்னாத்தத் துன்னும்?"

"பக்கத்துல பச்சையா நூலு தெரியுதா? பாசி. அத்தத் தின்னும்."

"அந்தப் பாசி இன்னாத்தத் துன்னும்?"

"வெயில."

அம்மா கண்ணை எடுத்தாள். நிமிர்ந்து, கடலுக்கு மேலே ஏறியிருந்த சூரியனைப் பார்த்தாள். கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். தினமும் சபித்துக்கொண்டே மீனை மூடி மறைத்துக் காப்பாற்றுவாளே, அந்த வெயில்.

"இதே வெயிலா?"

"இதே வெயில்தாம்மா."

மறுபடி குனிந்தாள். "அப்படியே ஒறஞ்சி போச்சின்னா?"

"சுருண்டு படுத்துக்கும். ஐஸ் உருகினா எழுந்து நடக்கும்."

"செத்துப் பொழைக்குதா?"

"சாவாதும்மா. காத்துகினு இருக்கும்."

அம்மா கண்ணை இன்னும் நெருக்கமாக வைத்தாள். பிறகு கேட்டாள்: "நேத்து ராத்திரியெல்லாம் நம்ம ஐஸ்லயா கீது இது?"

"ஆமா. நம்ம ஐஸ் இல்லன்னா இந்நேரம் செத்திருக்கும். நம்ம ஊரு சூடு இதுக்குத் தாங்காது."

அவள் நிமிர்ந்து தன் தெர்மாகோல் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வீட்டில் தங்கிவிட்டுப் போனது யார் என்று விருந்தாளி போன பிறகு தெரிந்தால் ஒருத்தி தன் பாயைப் பார்ப்பாளே, அந்த மாதிரி.

"ஏய் செல்வி! எழுந்து வாடி இங்க. வந்து பாரு."

செல்வி அக்கா பார்த்தாள். "அடியே, குட்டி யானைடி இது!" அடுத்தவள் பார்த்தாள். "மாசமா இருக்கறவ மாதிரி அசஞ்சி அசஞ்சி நடக்குது பாரேன்." வரிசை முழுக்க எழுந்து வந்தது. கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முறை வைத்துக் குனிந்தார்கள். நான் ஒவ்வொரு தடவையும் வெயிலைத் திருப்பித் திருப்பி உள்ளே அனுப்பினேன். சூடாகாமல் இருக்கக் குழாயைச் செல்வி அக்காவே ஐஸ் அள்ளி அதில் வைத்துப் பிடித்திருந்தாள். தள்ளி நின்று வேடிக்கை பார்த்த வாடிக்கையாளர்கள்கூட ஒவ்வொருவராக வரிசையில் வந்து நின்றார்கள். ஸ்டெல்லா டீச்சர் பார்த்துவிட்டு, வவ்வால் இல்லாத கையால் சிலுவை போட்டுக்கொண்டார். "யாருமே பார்க்காத இடத்துல இதுக்கெல்லாம் நகம் வச்சு அனுப்பியிருக்காரேடா" என்றார், மிகவும் தணிந்த குரலில். அந்த ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பேரம் பேசும் சத்தம் இல்லாமல் அலைச் சத்தம் மட்டும் கேட்டது அன்றைக்குத்தான்.

எல்லாம் சுபம் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பிரமித்தார்கள். பிரமித்துவிட்டுக் கோழிக்கடைக்குப் போனார்கள்.

டீச்சர் அந்த வவ்வாலை வாங்கிக்கொண்டார். (அவ்வளவு நேரம் பிடித்திருந்த பிறகு திருப்பி வைக்க அவருக்கு மனசு வரவில்லை.) உச்சி வெயிலில், மெஸ் நடத்தும் காதர் பாய் வழக்கம்போல இறால் எடுக்க வந்தார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். "நானும் வீடியோ பார்த்தேம்மா" என்றார். "கொதிக்கிற எண்ணெயில எந்தக் கிருமி வந்து நீச்சல் அடிக்கும்? அள்ளிப் போடு." அத்தோடு சரி. மிச்சம் அத்தனையும், வரிசை முழுவதும், கருவாடுதான்.

அன்று மத்தியானம் முதல் வயிறு கீறி, உப்புத் திணித்து, மணலில் வலை விரித்துக் காயப்போட்டது நான். வரிசை முழுவதற்கும் நான். புதுச்சட்டையோடு. அப்பா கடலிலிருந்து வந்து இந்தக் காட்சியைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். "படிக்க வெச்சா நம்ம பையன் தொழிலுக்கு வரமாட்டான்னு பயந்துகினு இருந்தேன்" என்றார். "வந்துட்டான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. அந்த ஞாயிறு நான் ஒளிந்துகொண்டு பார்த்தேன். வந்தவர்கள் மீனைப் பார்க்கவில்லை. "அந்த எட்டுக்கால் இருக்காம்மா?" என்று கேட்டார்கள். அம்மா அசரவில்லை. "அது ஊருக்குப் போயிருச்சி சார். நம்ம ஐஸ்ல தங்கிட்டுத்தான் போச்சி. இமயமலைலேந்து வந்ததே நம்ம ஐஸ நம்பி இருந்திச்சி, நீ இந்தச் சங்கராவ நம்ப மாட்டியா?" சங்கரா போணியானது. கஸ்தூரி பேர் பிழைத்தது.

என் பேர்தான் போய்விட்டது. பூபாலன் என்று ஒருவன் இருந்ததையே குப்பம் மறந்துவிட்டது. "கிருமி" என்றால்தான் தெரியும். கூரியர்க்காரர்கூட "கிருமி வூடு எது?" என்று கேட்டுத்தான் வருகிறார். அன்றைய கருவாட்டுக்கு 'விஞ்ஞானிக் கருவாடு' என்று பெயர். அது தீர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இப்போதும் எந்த வீட்டில் மீன் மிஞ்சினாலும், "கிருமி எங்கயோ பேசிட்டு வந்துட்டான்" என்பார்கள்.

பிறகு ஒரு கோடையில் மேடம் என்னையும் இமயமலைக்கு அழைத்துப்போனார். முதன்முதலாக ஒரு பனியாற்றின் மேல் நின்றேன். அவ்வளவு ஐஸை ஒரே இடத்தில் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இதை நொறுக்க எத்தனை கட்டை வேண்டும் என்பதுதான். பிறகு மண்டியிட்டேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில், டம்ளர் அகலத்தில் ஒரு குழி. நீலமான தண்ணீர். அடியில் கறுப்பாகக் கொஞ்சம் பொடி. உள்ளே ஓர் ஊர் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் எங்கு பார்த்தாலும் குழிகள், நூறு நூறாக, வானத்தைப் பார்த்தபடி. எனக்கு ஏன் என்று தெரியாமல் கண்ணீர் வந்தது. செல்போனில் அதைப் படம் பிடித்து, மலையிறங்கிச் சிக்னல் கிடைத்ததும் அம்மாவுக்கு அனுப்பினேன். "அம்மா, நம்ம ஐஸ்ல தங்கிட்டுப் போச்சே, அதோட ஊர் இதுதான்" என்று சொல்லியிருந்தேன்.

பிறகு அம்மாவின் குரல்பதிவு ஒன்று வந்தது. பின்னால் அலைச் சத்தம், செல்வி அக்காவின் சத்தம்.

"பாத்தேன்டா கிருமி. வரிசை பூரா காட்டிட்டேன். எவ்ளோ அழகா கீது! எல்லாரும் வாயத் தொறந்துகினு பாத்தாங்க. ஸ்வெட்டரக் கயட்டாத." கொஞ்சம் இடைவெளி விட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா நைனா, இன்னிக்கி சனிக்கெயம. வேற யாருக்கும் அனுப்பிடாத. ஞாயித்துக்கெயம யாவாரம் முடியட்டும்."